குதிரையை இழுத்தவன்

பெண்டாட்டியைச் சுட்டவனுடைய துப்பாக்கி என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்து கஸ்தூரியின் மேசைமேல் வைத்தார்கள். அவளுக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. போலீஸ் ஆயுதக் கிடங்கில் ஏட்டு அவள். துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடுதான் தினமும் சோறு தின்கிறாள், அதில் ஒரு கூச்சமும் கிடையாது. ஆனால் இது வேறு. அரக்கு முத்திரையை உடைத்துத் துணிப்பையைப் பிரித்ததுமே ஒரு வாடை அடித்தது பாருங்கள்!

"கர்மம், கர்மம்" என்று புடவைத் தலைப்பைத் தேடினாள். உடம்பில் இருந்தது காக்கிச் சட்டை. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அடி அண்ணாமலையில் ராமன் என்பவருக்கு ஒரு தோட்ட வீடு. டவுனில் இரண்டு லாட்ஜ் வைத்திருக்கிறவர். தோட்ட வீட்டுக்குக் காவல்காரன் மண்ணாங்கட்டி. அவன் மனைவி பொன்னி அங்கேயே வாசல் பெருக்கி, பாத்திரம் தேய்த்து, மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜை அன்று காலை வீட்டு முற்றத்தில் மண்ணாங்கட்டி கையில் இருந்த இந்தத் துப்பாக்கி வெடித்தது. எதிரே கதவு நிலைக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்த பொன்னியின் மார்பில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

முந்தின நாள் ராத்திரி புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. தெருவே கேட்டிருக்கிறது. முதலாளி பூஜைக்குத் துடைக்கச் சொல்லிக் கொடுத்தார், துடைக்கும்போது தானாக வெடித்துவிட்டது என்கிறான் அவன். தானாக வெடித்ததாம்! கழுத்தை நெரித்தவன்கூடக் கை தானாகப் போனது என்றுதான் சொல்வான். ஆனால் பெற்ற மகளிடம் அவனே, "குதிரையை இழுத்துட்டேன்" என்று துப்பாக்கிக் குதிரையைச் சொல்லியிருக்கிறான். மகள் சிந்துஜா டவுன் ஹாஸ்டலிலேயே வளர்ந்து நர்சாக வேலை பார்க்கிறவள். அதை அப்படியே போலீசில் சொல்லிவிட்டாள். அப்புறம் என்ன வேண்டும்? மண்ணாங்கட்டி இப்போது வேலூர் ஜெயிலில் கிடக்கிறான்.

அந்தப் பெண்ணைக் கஸ்தூரிக்குத் தெரியும். இந்தத் துப்பாக்கி கிடங்குக்கு வரப்போகிறது என்று யாரோ சொல்லி, இரண்டு நாளாக வாசலிலேயே வந்து நிற்கிறாள். டூட்டி முடிந்த உடுப்போடு, கண்ணெல்லாம் வீங்கிப்போய். இன்று காலையில் கஸ்தூரி வண்டியை நிறுத்தியதும் ஓடிவந்து, "அந்தாள வெளிய வுட்டுடாதீங்க மேடம், எங்கம்மா பாவம் மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி அவள் தோளைத் தட்டினாள். "வுடமாட்டோம்மா. நானே பாக்கறேன், நீ போயி ஒரு வாய் சாப்டு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கட்டினவளைச் சுட்டுப் போட்ட நாய்க்குத் தன்னால் ஆனதைச் செய்துவிடவேண்டும் என்று மனசுக்குள் ஒரு வெறியே வந்திருந்தது.

கிடங்குக்குப் பொறுப்பான சப் இன்ஸ்பெக்டர் கலையரசன் உள்ளே வந்தார். கார்த்திகை தீபத்துக்கு வரும் ஜனத்துக்கு எங்கே தடுப்புக் கட்டுவது, யாரை எந்தக் கோபுரத்தில் நிறுத்துவது என்று காலையிலிருந்து போனில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"கஸ்தூரி, இன்னும் கையே வெக்கலியா? நல்லா துடைச்சி, எண்ணெ வுட்டு, வேல செய்யுதா இல்லியான்னு பாத்து வைம்மா. சாயந்தரம் சென்னைக்கு லேபுக்கு அனுப்பணும். தீபம் முடியறதுக்குள்ள என் உசுரு போயிடும் போலகீது."

"வாடைய பாருங்க சார். மனுஷன் வெச்சிருக்கிற பொருளா இது?"

"பாட்டன் காலத்து சாமான்மா. வாடை வராம பன்னீரா மணக்கும்?"

பழைய சாமான்தான். வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர். ஆறு தோட்டா போடுகிற உருளை, தந்தக் கலரில் கைப்பிடி, இரும்பெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தன. உருளையில் தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணி பக்கத்தில் தயாராக இருந்தது. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அது கிடங்கின் வழக்கம், லேபுக்குப் போகிற சாட்சிப் பொருளைத் துடைக்கலாமா என்று யாரும் யோசித்ததில்லை. துணியைக் கையில் எடுத்தும் விட்டாள்.

ஆனால் அந்த வாடை அவளை விடவில்லை. துப்பாக்கியில் துரு வாடை வரும், வெடிமருந்து வாடை வரும், கெட்டுப்போன எண்ணெய் வாடை வரும். இது எதுவும் இல்லை. சிக்குப் பிடித்த நெய். அதோடு கருகின துணி. அதற்கும் அடியில் லேசாகக் கற்பூரம். எங்கேயோ தெரிந்த வாடை, எங்கே என்று பிடிபடவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் தோட்டாவை அடிக்கிற ஹேமரை இழுத்துப் பார்ப்போம் என்று கட்டை விரலை அதன்மேல் வைத்தாள்.

இந்த மாதிரிப் பழைய ரிவால்வரில் ஒரு விஷயம் உண்டு. இப்போதைய ரிவால்வரில் கீழே இருக்கிற ட்ரிகரை இழுத்தால் போதும். ஹேமர் தானே பின்னால் போய், தானே முன்னால் வந்து அடிக்கும். இதில் அப்படி நடக்காது. மேலே இருக்கிற ஹேமரைக் கட்டை விரலால் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும். அது 'கடக்' என்று நிற்கும். அப்புறம் ட்ரிகரைத் தொட்டால் ஹேமர் விடுபட்டுப் போய்த் தோட்டாவை அடிக்கும். ட்ரிகருக்கு இதில் ஒரே வேலைதான், நிற்கிற ஹேமரை விடுவிப்பது.

கஸ்தூரி இழுத்தாள். 'கடக்' சத்தம் வரவில்லை. சேற்றில் கால் வைத்தது போல ஒரு சொத்தென்ற உணர்ச்சி மட்டும் விரலில் தெரிந்தது. விரலை எடுத்தாள். ஹேமர் நிற்காமல் டப்பென்று முன்னால் போய் அடித்தது. ட்ரிகர் பக்கம் அவள் கையே போகவில்லை. திரும்ப இழுத்தாள், திரும்ப விட்டாள். டப். எத்தனை முறை செய்தாலும் அதே டப்.

"சார், ஹேமர் நிக்கமாட்டுது."

"தேஞ்சி போயிருக்கும். வுடு."

"தேஞ்சிருந்தா கைக்கு வழுக்கும் சார். இது உள்ள எதையோ மெதிக்குது."

பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை நெம்பி எடுத்தாள். எடுத்தவள் சீ என்று கையை உதறினாள். உள்ளே முழுக்கக் கறுப்பு. கெட்டியாக, பிசுபிசுவென்று, ஸ்பிரிங் எது, இரும்பு எது என்று தெரியாமல் அப்பிக் கிடந்தது. நடுவில் ஒரு கரப்பான் பூச்சியின் கால். அழுக்குப் பிடித்த துப்பாக்கிகள் எத்தனையோ பார்த்திருக்கிறாள், ஆனால் இப்படி ஒரு கண்றாவியை அவள் பார்த்ததே இல்லை.

விளக்கைப் பக்கத்தில் இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஹேமரின் அடியில் ஒரு சின்ன வெட்டு உண்டு. ட்ரிகரின் நுனி அந்த வெட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் ஹேமர் நிற்கும். அந்த வெட்டு முழுக்க அந்தக் கறுப்பு அடைத்து, காய்ந்து, மேலே பளபளவென்று மெழுகியிருந்தது. நுனிக்கு உட்கார இடமே இல்லை. மேலோடு வழுக்கிக்கொண்டு போகிறது. ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்த இடத்தில் வெட்டின் விளிம்பு தெரிந்தது. புதுசு போலக் கூராக இருந்தது. தேய்மானமும் இல்லை, உடைசலும் இல்லை. துப்பாக்கியில் கோளாறே கிடையாது, உள்ளே அடைத்திருந்த அழுக்குதான் கோளாறு.

பல் குத்தும் குச்சியின் நுனியில் ஓரத்திலிருந்து துளி எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அப்போதுதான் வாடை எங்கே என்று பிடிபட்டது. ஆருத்ரா தரிசனத்தன்று கோயிலில் வாங்கி அவளே நெற்றியில் இட்டுக்கொள்கிறாளே, அந்த வாடை! மலைமேல் தீபக் கொப்பரையில் எரிந்த நெய்யும் திரியும் கரியுமாகச் சேர்ந்த தீப மை. அதைப் போய் எவனோ ரிவால்வருக்குள் வழித்துத் தடவியிருக்கிறான். ஒரு வருஷத்து மை இல்லை இது, வருஷக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியது.

"அட பாவிங்களா! சாமி மைய கொண்டாந்து எங்க அப்பியிருக்கான் பாருங்க சார்!"

கலையரசன் குனிந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உவ்வே... சரி, மண்ணெண்ணெ ஊத்திக் கழுவிடு."

கஸ்தூரி பக்கத்தில் கிடந்த துணியைப் பார்த்தாள். அதைத் தூர நகர்த்தினாள். வந்ததும் வழக்கம்போலக் கழுவியிருந்தால் மை கரைந்து போயிருக்கும், ஹேமர் ஜம்மென்று நின்றிருக்கும், துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பாள். வாடை என்னவென்று பிடிபடாமல் துணியைக் கீழே வைத்ததால்தான் மை தப்பித்தது.

"கழுவக் கூடாது சார். போட்டோ எடுங்க. இப்படியேதான் லேபுக்குப் போவணும்."

"எதுக்கும்மா வம்பு? அவனே குதிரைய இழுத்தேன்னு ஒத்துக்கினான். ட்ரிகர இழுத்தான், சுட்டுச்சு. இதுல மை எங்க வந்துச்சு?"

கலையரசனுக்கும் கஸ்தூரிக்கும் குதிரை என்றால் ட்ரிகர்தான். டவுனில் கேட்டால் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

"இதோ, நீங்களே ட்ரிகர இழுங்க சார்."

அவர் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஹேமர் அசையவே இல்லை. இன்னொரு தரம் இழுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"நாள் பூரா இழுத்தாலும் ஒண்ணும் ஆவாது. நிக்கிற ஹேமரத்தான் ட்ரிகர் வுடும். இதுல ஹேமர் நிக்கவே நிக்காது. ட்ரிகர இழுத்து இவன் சுட்டிருக்கவே முடியாது சார்."

"அப்ப எப்படித்தான்மா சுட்டான்?"

"அதான் சார் எனக்கும் புரியல."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தங்கப் பட்டை வாட்ச், நெற்றி நிறைய விபூதி. ராமன்தான். கலையரசனுக்குப் பழக்கமான ஆள் போலிருக்கிறது, கும்பிட்டுக்கொண்டே நேராக உள்ளே வந்தார்.

"வணக்கம் சார். இந்தப் பக்கமா வந்தேன். தாத்தாவோட துப்பாக்கி எப்ப சார் கெடைக்கும்? தீபத்தன்னிக்கு பூஜ ரூம்ல அது இல்லன்னா வீடே வெறிச்சினு கெடக்கும்."

செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "எடுத்துக்கோங்க மேடம். போன வருஷத்து தீப மை. எங்க குடும்பம் தலமொறையா நெய் குடுக்குது."

அவள் கையை நீட்டவில்லை. திறந்து கிடந்த துப்பாக்கியைக் காட்டினாள். "இதுக்குள்ளயும் நீங்கதான் தடவுனீங்களா?"

"பின்ன!" என்று அவர் முகம் மலர்ந்தது. "வருஷா வருஷம் மை வந்ததும் மொதல்ல சாமிக்கு, அப்புறம் பீரோவுக்கு, அப்புறம் இதுக்கு. தகட்ட கழட்டி உள்ளாரயே வெப்போம். வீட்டுக்குக் காவல் இதுதானே?"

"ஒரு சொட்டு எண்ணெ வுட்டதில்லியா?"

"மையிலதான் நெய் கீதே மேடம்!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, "ஹேமர் நிக்கமாட்டுதே, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"எதைச் சொல்றீங்க, குதிரையா?" என்று அவர் மேலே இருந்த ஹேமரை விரலால் தொட்டுக் காட்டினார். "அது எங்கப்பா இருந்தப்பவே அப்படித்தான். எங்க வீட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். குதிரைய இழுத்தா கட்டை விரல எடுக்கக் கூடாது. எடுத்தா வெடிச்சிடும்."

கஸ்தூரி கலையரசனைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிரைன்னா... இதுவா?"

"ஆமா மேடம். அடி அண்ணாமலையில யார வேணா கேளுங்க, இதுதான் குதிரை. கீழ கீறது விசை."

"மண்ணாங்கட்டிகிட்ட இது நிக்காதுன்னு சொன்னீங்களா?"

"துடைக்கத்தானே குடுத்தேன்? சுடவா குடுத்தேன்? குதிரைக்கு அடியில தூசி கீது, நல்லா துடைடான்னேன். அவ்ளோதான்."

குதிரைக்கு அடியில் துடைக்கவேண்டும் என்றால் குதிரையை இழுக்காமல் எப்படித் துடைப்பான்? இழுத்திருக்கிறான். நிற்கும் என்று நம்பி விரலை எடுத்திருக்கிறான்.

"தோட்டாவோடயா குடுத்தீங்க?"

"தோட்டாவ எடுத்தா காவல் போயிடும்னு எங்கப்பா சொல்வாரு மேடம். எப்பவும் ரொப்பித்தான் வெச்சிருப்போம்."

"இதெல்லாம் போலீஸ்ல சொன்னீங்களா நீங்க?"

"யாரும் கேக்கலியே?" என்றார் ராமன். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சொன்னா லைசென்ச புடுங்கிடுவாங்க இல்ல? பொன்னி விதி முடிஞ்சி போச்சு, போனவ வரப்போறாளா? அவங்க ரெண்டு பேருக்கும் தெனம் சண்டதான் மேடம்" என்றார்.

கஸ்தூரி எழுந்து குழாயடிக்குப் போனாள். சோப்பைப் போட்டுக் கையைக் கழுவினாள். கறுப்பு போய்விட்டது, நாற்றம் போகவில்லை. மறுபடி கழுவினாள். அந்த மனுஷன் நெற்றி விபூதியும், மலர்ந்த முகமும், 'கேக்கலியே' என்ற வார்த்தையும் நினைவுக்கு வர வர மூன்றாம் தரமும் சோப்பைப் போட்டாள். ஒருத்தி மண்ணுக்குள் போய்விட்டாள், ஒருத்தன் ஜெயிலில் கிடக்கிறான், இவருக்குப் பூஜை ரூம் வெறிச்சென்று கிடக்கிறதாம். தூ! இப்படியும் ஒரு பிறவி. காலையில் மண்ணாங்கட்டியை நாய் என்று நினைத்தது ஞாபகம் வந்தது, அதற்கும் சேர்த்து அவளுக்கு வாய் கசந்தது.

திரும்பி வந்தபோது ராமன் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். முகம் இப்போது மலர்ந்திருக்கவில்லை. கலையரசன் தீபத்தை மறந்துவிட்டு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க இப்ப சொன்னத ஒரு வார்த்த வுடாம அவருகிட்டயும் சொல்லிட்டுத்தான் போவணும்" என்று ராமனைப் பார்த்து விரலை ஆட்டினார். கஸ்தூரி துப்பாக்கியை மையோடும் கரப்பான் காலோடும் அப்படியே பையில் போட்டு முத்திரை வைத்தாள்.

வெளியே வந்தாள். சிந்துஜா வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"இன்னா மேடம், துப்பாக்கி சரியாத்தானே கீது? அந்தாளுக்குத் தண்டன கெடைக்கும் இல்ல?"

கஸ்தூரிக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "சிந்துஜா, உங்கப்பா உங்கிட்ட இன்னா சொன்னாரு? வார்த்த மாறாம சொல்லும்மா."

"எத்தினி தடவ மேடம் சொல்றது? ஸ்டேஷன் பெஞ்சில குந்திக்கினு, 'குதிரைய இழுத்துட்டேன் சிந்து, அது நிக்காம வுட்டுடுச்சி'ன்னாரு. வேற இன்னா வேணும்? ட்ரிகர இழுத்தேன்னு அவரே சொல்றாரு."

"வாயால மட்டும் சொன்னாரா? கையால ஏதாச்சும் காட்டுனாரா?"

"காட்டுனாரே. கைய இப்படி வெச்சிக்கினு..."

சிந்துஜா வலது கையை முன்னால் நீட்டினாள், துப்பாக்கியைப் பிடித்த மாதிரி. ஆள்காட்டி விரல் மடங்கவே இல்லை. கட்டை விரல் எழும்பி, வளைந்து, எதையோ பின்னால் இழுத்தது. அப்புறம் விரிந்தது.

"இப்படி" என்றாள்.

"அடி அண்ணாமலையில அதத்தாம்மா குதிரைன்னு சொல்றாங்க" என்றாள் கஸ்தூரி. "மேல கீற ஹேமரு. அடியில துடைக்கச் சொன்னாங்க, உங்கப்பா இழுத்தாரு. நிக்கவேண்டியது நிக்கல, உள்ள அழுக்கு அடைச்சிருந்திச்சி. ட்ரிகர அவரு தொடவே இல்ல. அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும், அவருக்குத்தான் யாரும் சொல்லல."

சிந்துஜாவின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அவள் திரும்பவே இல்லை.

"மேடம்" என்றாள் கடைசியில். "நான் அன்னிக்கி எல்லாரு எதிர்லயும் அவரு மூஞ்சில காறித் துப்பிட்டேன் மேடம். எச்சி கன்னத்துல வழியுது... அவரு அதத் துடைச்சிக்கவே இல்ல. இந்த வெரல மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டிக்கினே இருந்தாரு."